டர்போ போச்சுன்னு சொன்ன உடனே காசை எடுத்து வெச்சிராதீங்க

பழைய டர்போ டீசல் கார் வெச்சிருக்கவங்க இத ஒருதடவ முழுசா படிச்சிருங்க. எங்கிட்ட 38,200 ரூபா வாங்கிட்டு, மாத்துனதா சொன்ன டர்போவுல (இன்ஜினுக்குள்ள காத்த அமுக்கி தள்ளற பார்ட்டு) ஒரு நட்டு கூட தொடாம வண்டிய திருப்பி குடுத்திருக்காங்க. கோயம்புத்தூர்லதான். ஏசி போட்ட வெயிட்டிங் ரூம், காபி மெஷின், யூனிஃபார்ம் போட்ட பசங்கன்னு பாக்கறதுக்கு நல்லாத்தான் இருக்கும் அந்த ஒர்க்‌ஷாப்பு. கம்ப்ளைன்ட் போட்டிருக்கறதால பேரு இங்க போடல.

வண்டி அந்த 1.3 லிட்டர் ஃபியட் மல்டிஜெட் இன்ஜின் போட்ட வண்டி, 2011 மாடல். ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், இண்டிகா விஸ்டா, புன்டோன்னு ஆளாளுக்கு இதே இன்ஜினத்தான் போட்டாங்க, இந்தியாவோட தேசிய இன்ஜின்னு பட்டப்பேரே வந்துச்சு. 1248 சிசி, 75 பிஎஸ், 190 என்எம். இந்த 75 பிஎஸ் இன்ஜின்ல டர்போ ரொம்ப சிம்பிளானது, 90 பிஎஸ்ல இருக்கற மாதிரி வேகத்துக்கு தகுந்தாப்புல கோணம் மாறற பிளேடெல்லாம் உள்ள கிடையாது. 2000 ஆர்பிஎம் வரைக்கும் தூங்கும், அதுக்கு மேல முதுகுல தள்ளி விடும். ஓட்டுனவங்களுக்கு தெரியும்.

அந்த தள்ளு காணாம போச்சு. மேட்டுப்பாளையம் தாண்டி குன்னூர் மலை ஏறறப்ப ரெண்டாவது கியர்ல மிதி மிதின்னு மிதிச்சாலும் வண்டி இழுக்கல, பின்னாடி கரும்புகையா கக்குது, பின்னாடி வந்த பைக்காரர் முகத்த சுளிச்சிட்டு ஓவர்டேக் பண்ணிட்டு போறாரு, ஆக்சிலேட்டர் குடுக்கறப்பெல்லாம் பானட்டுக்குள்ள இருந்து ஸ்ஸ்ஸ்னு ஒரு காத்து சத்தம் வேற. அதுக்கு முன்னாடியே மைலேஜ் இறங்க ஆரம்பிச்சிருச்சு. ஹைவேல 18, 19 குடுத்துட்டு இருந்த வண்டி 13க்கு வந்திருச்சு, மீட்டர்ல காட்டற கணக்கு இல்ல, டேங்க் ஃபுல் பண்ணி ஓட்டி மறுபடி ஃபுல் பண்ணி போட்ட கணக்கு. கடைசியா இன்ஜின் லைட்டும் எரிஞ்சிருச்சு.

ஒர்க்‌ஷாப்ல ஸ்கேனர மாட்டுனாங்க, பி 0299னு ஒரு கோட் வந்துச்சு. அட்வைசர் தம்பி ஸ்கிரீன எம்பக்கம் திருப்பி காட்டி, "சார், கம்ப்யூட்டரே சொல்லுது பாருங்க, டர்போ ஃபெயிலியர்" அப்படின்னாரு. இங்கதான் எல்லாரும் மாட்டுற இடம். அந்த கோட் டர்போ போச்சுன்னு சொல்லவே இல்லைங்க. பூஸ்ட் பிரஷர், அதாவது டர்போ தள்ளற காத்தோட அழுத்தம், வரவேண்டிய அளவுக்கு வரல, அவ்வளவுதான் அதுக்கு அர்த்தம். ஏன் வரலங்கறத மனுஷன்தான் கண்டுபிடிக்கணும். ஹோஸ் கிழிஞ்சிருக்கலாம், கிளாம்ப் லூசா இருக்கலாம், அந்த காத்த குளிர வெக்கற இன்டர்கூலர்ல ஓட்டை இருக்கலாம், காத்து அழுத்தத்த அளக்கற மேப் சென்சார்ல கரி படிஞ்சிருக்கலாம், புகைல கொஞ்சத்த இன்ஜினுக்கே திருப்பி விடற இ.ஜி.ஆர் வால்வு திறந்த மேனிக்கு சிக்கியிருக்கலாம், ஏர் ஃபில்டர் அடைச்சிருக்கலாம், டர்போவுக்கு போற புகைய அளவா திருப்பி விடற வேஸ்ட்கேட் மூடாம நின்னிருக்கலாம். இதெல்லாம் பாத்து ஒண்ணும் இல்லைனா கடைசியா வர்றதுதான் டர்போ. ஆனா காசு நிறைய வர்றது அதுலதானே, அதனால அவங்க லிஸ்ட்டு கடைசில இருந்து ஆரம்பிக்குது.

மைலேஜ வெச்சும் ஒரு பிட்டு போட்டாங்க. கம்பெனி எவ்வளவு சொல்லிருக்கு, உங்களுக்கு எவ்வளவு வருது பாருங்க சார், இந்த வித்தியாசம் பூரா டர்போதான்னு. கம்பெனி சொல்ற அந்த அராய் (வண்டிய சோதிச்சு சர்டிஃபிகேட் குடுக்கற அமைப்பு) நம்பர் லேப்ல ரோலர் மேல ஏசி இல்லாம ஓட்டி எடுக்கறது. 2011ல வந்த ஸ்விஃப்ட் டீசலுக்கு 22.9னு போட்டிருந்தாங்க, காந்திபுரம் டிராஃபிக்ல ஏசி போட்டு ஓட்டி அத எடுத்தவங்க யாராச்சும் இருக்கீங்களா? உங்க வண்டி நேத்து வரைக்கும் என்ன குடுத்துச்சோ அதோடதான் இன்னிக்கு வர்றத ஒப்பிட்டு பாக்கணும்.

புதுசு 48,000, ரீகண்டிஷன்னா 29,000, கோர் (டர்போவுக்குள்ள சுத்தற ஷாஃப்ட் பாகம்) மட்டும் புதுசா போட்டு பேலன்ஸ் பண்ணி தருவோம்னாங்க. ரீகண்டிஷன் சொன்னேன். லேபர் 4,500, ஆயில், ஃபில்டர் 3,200, இன்டர்கூலர் கிளீனிங் 1,500. டெலிவரி எடுக்கறப்ப பழைய கோர் எங்கன்னு கேட்டதுக்கு "அது எக்ஸ்சேஞ்சுல போயிருச்சு சார், அதுக்குத்தான் ரேட் கம்மி"ன்னு பதில். எக்ஸ்சேஞ்சுங்கறது நெஜமாவே இந்த தொழில்ல இருக்கற பழக்கம்தான், அதனால சந்தேகம் வராது, அதுதான் அந்த பொய்யோட அழகு. பில்லு கேட்டா எஸ்டிமேட்னு தலைப்பு போட்ட வெள்ளை பேப்பர். ஜிஎஸ்டி பில்னா டேக்ஸ் தனியா வரும், பரவால்லயான்னு கேட்டாங்க. பரவால்ல, போட்டு குடுங்கன்னேன். அக்கவுன்டன்ட் லீவு, வாட்சப்ல அனுப்பறோம்னாங்க. இன்னிக்கு வரைக்கும் வரல. காசு ஜிபே பண்ணதால அந்த ரெக்கார்டு மட்டும் கையில இருக்கு.

வண்டி எடுத்த புதுசுல நல்லாத்தான் ஓடுச்சு, அதையும் சொல்லிடறேன். கொஞ்ச நாள்லயே மறுபடி அதே ஸ்ஸ்ஸ், அதே புகை. போன் பண்ணா "இப்ப இன்ஜெக்டரா இருக்கும் சார், நாலையும் எடுத்து பம்ப் கடைக்கு அனுப்பி பாத்துரலாம்"னு அடுத்த கணக்கு ஆரம்பிக்குது.

அப்பதான் மச்சான் சொல்லி ஒண்டிப்புதூர் பக்கம் ஒரு பெரியவர்கிட்ட கொண்டு போனேன். ஷெட்டுன்னு சொல்றத விட வேப்பமரத்தடின்னு சொல்லலாம். அவர் ஸ்கேனர தொடவே இல்ல. சோப்பு தண்ணிய ஒரு ஸ்பிரே பாட்டில்ல எடுத்துகிட்டு, பையன ஆக்சிலேட்டர புடிக்க சொல்லிட்டு, டர்போல இருந்து இன்டர்கூலர் போற ஹோஸ், அங்கிருந்து இன்ஜினுக்கு வர்ற ஹோஸ்னு ஒவ்வொண்ணா அடிச்சிட்டே வந்தாரு, சைக்கிள் டியூப்ல பஞ்சர் பாக்கற மாதிரி. நின்ன வண்டிய ரேஸ் பண்ணா பூஸ்ட் அவ்வளவா ஏறாது, சின்ன ஓட்டைன்னா சிலசமயம் இதுல மாட்டாது, ஹோஸ அடைச்சு கம்ப்ரஸர் காத்து குடுத்துதான் பாக்கணும்னு அவரே சொன்னாரு. எனக்கு அந்த அவசியமே வரல. பம்பருக்கு பின்னாடி கீழ, இன்டர்கூலர்ல ஹோஸ் சேர்ற இடத்துல புசுபுசுன்னு நுரை.

பம்பர கழட்டி பாத்தா ஹோஸ சுத்தி கருப்பு டேப்பு. புது டேப்பு. ஆயில்ல ஊறி, சூட்டுல இளகி, ஒரு ஓரம் பிரிஞ்சு தொங்குது. டேப்ப பிரிச்சா உள்ள விரல் நீளத்துக்கு கிழிசல். அப்ப அவங்களுக்கு ஆரம்பத்துலயே தெரிஞ்சிருக்கு! எங்க லீக்குன்னு கண்டுபிடிச்சு, டேப்ப சுத்தி மூடிட்டு, டர்போ மாத்துனோம்னு 29,000 வாங்கிருக்காங்க. தெரியாம தப்பா சொல்லிட்டாங்கன்னு மன்னிக்கக்கூட வழி இல்ல.

பெரியவர் அதோட விடல. "கண்ணு, இங்க வந்து பாரு"ன்னு டார்ச் அடிச்சு காட்டுனாரு. டர்போவ மேனிஃபோல்டோட புடிச்சிருக்கற நட்டு எல்லாம் பல வருஷ துரு, ஸ்பேனர் பட்ட தடமே இல்ல. டர்போவுக்கு ஆயில் வர்ற பைப்போட போல்ட்டும் அப்படியே. கோர் மாத்தணும்னா டர்போவ வெளிய எடுத்து ரெண்டு பக்க ஹவுசிங்கையும் பிரிக்கணும், பிரிச்சா அந்த போல்ட்டு தலையெல்லாம் பளபளன்னு இருக்கணும், செம்பு வாஷர் புதுசா இருக்கணும். ஒண்ணும் இல்ல. எல்லாத்தையும் போட்டோ, வீடியோ எடுத்து வெச்சிருக்கேன்.

புது ஹோஸ், கிளாம்ப், இ.ஜி.ஆர் கழட்டி கரி எடுத்தது, மேப் சென்சார் கிளீன் பண்ணது, கூலி எல்லாம் சேத்து 4,350 ஆச்சு. இழுவை அன்னிக்கே திரும்பி வந்திருச்சு.

கிழிஞ்ச ஹோஸுக்கும் மைலேஜுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டா, டர்போ கஷ்டப்பட்டு அமுக்கி அனுப்புன காத்து வழியிலயே ஓடிருது, இன்ஜினுக்கு போற காத்து கம்மி, டீசல் முழுசா எரியாது, அப்படி அரைகுறையா எரிஞ்ச டீசலோட கரிதான் அந்த கரும்புகை. பவர் வரலன்னு நாம இன்னும் மிதிப்போம், இன்னும் டீசல் போகும். புகையாவே காசு போகுது.

ஆனா மைலேஜ் 16ல வந்து நின்னுருச்சு, பழைய 18 வரல. ஸ்கேனர் மாட்டற சாக்கெட்டுல சொருகற புளூடூத் ஓபிடி அடாப்டர் ஒண்ணு வாங்குனேன், ஆயிரம் ரூபாக்குள்ளதான், போன்ல ஆப்ப போட்டா வண்டி ஓடறப்பவே எல்லா சென்சாரும் தெரியும். ஹைவேல கூலன்ட் டெம்பரேச்சர் 65லயே நிக்குது, 85, 90க்கு வரவே இல்ல. கூலன்ட் ஓட்டத்த கட்டுப்படுத்தற தெர்மோஸ்டாட் திறந்த நிலையிலயே சிக்கியிருக்கு. இன்ஜின் இன்னும் குளிர்ந்துதான் இருக்குன்னு இசியு (இன்ஜின் கம்ப்யூட்டர்) நெனச்சுகிட்டு அதுக்கு தகுந்த மாதிரியே டீசல் கணக்க போட்டுகிட்டே இருக்கும். ஹீட் ஆகலயே, நல்லதுதானேன்னு யாரும் இத கண்டுக்க மாட்டாங்க. மாத்துனதும் 18 தாண்டிருச்சு.

அதே அடாப்டர்ல மேப் ரீடிங் பாருங்க, டர்போ உயிரோட இருக்கான்னு நீங்களே தெரிஞ்சுக்கலாம். ஐடில்ல கடலோர ஊர்னா 100 கிலோ பாஸ்கல் பக்கத்துல காட்டும், கோயம்புத்தூர் கொஞ்சம் உயரம்ங்கறதால 96, 97. மூணாவது கியர்ல 2000 தாண்டி முழுசா மிதிச்சா அது கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு பக்கம் ஏறணும். என் வண்டி ஹோஸ் கிழிஞ்சப்ப 130ஐ தாண்டல, டேப்பு பிரிஞ்சதுக்கு அப்புறம் மச்சானோட அடாப்டர வாங்கி பாத்தது அது.

நெஜமாவே டர்போ போனா எப்படி இருக்கும்னும் சொல்லிடறேன், இல்லைனா நல்ல மெக்கானிக் சொன்னாலும் நம்ப மாட்டீங்க. புகை நீலமா வரும், கருப்பா இல்ல. ஆயில் லெவல் வேகமா குறையும். சைரன் மாதிரி ஊளை சத்தம் வரும். ஹோஸ கழட்டிட்டு, இன்ஜின் ஆறுனதுக்கு அப்புறம், ஷாஃப்ட்ட விரல்ல புடிச்சு ஆட்டி பாத்தா பக்கவாட்டுல லேசா ஆடறது சகஜம், ஆயில் படலத்துலதான் அது மிதக்குது. முன்னும் பின்னும் ஆடுனாலோ, பிளேடு ஹவுசிங்ல உரசுன தடம் இருந்தாலோதான் ஆபத்து. இன்டர்கூலர் ஹோஸ்ல லேசா ஆயில் ஈரம் இருக்கறத காட்டி "பாருங்க சார், ஆயில் கக்குது"ம்பாங்க, பழைய டீசல் வண்டி எல்லாத்துலயும் அந்த ஈரம் இருக்கும். ஆனா நீலப்புகை ஜாஸ்தியா வந்தா ஓட்டாதீங்க, சீல் முழுசா போனா டீசல் இன்ஜின் தன்னோட ஆயிலையே குடிச்சு தன்னால ரேஸ் ஆகும், சாவிய ஆஃப் பண்ணாலும் நிக்காது. மேனுவல் வண்டின்னா பெரிய கியர்ல போட்டு பிரேக்க அமுக்கிகிட்டு கிளட்ச விட்டுதான் அணைக்கணும்.

டர்போ போற காரணம் முக்காவாசி ஆயில்தான். லட்சம் ஆர்பிஎம்முக்கு மேல சுத்தற ஷாஃப்ட், நம்பியிருக்கறது அந்த மெல்லிசான பைப்புல வர்ற ஆயில மட்டும். அதனால டர்போ மாத்தறேன்னு சொல்றவர் ஆயில் ஃபீட் பைப்ப பத்தி பேசலன்னா அங்க வண்டிய விடாதீங்க, பைப்பு அடைச்சிருந்தா புது டர்போவும் அதே வழியிலதான் போகும். எங்கிட்ட அந்த பைப்ப பத்தி ஒரு வார்த்தை கூட பேசல, பேசற வேலையே அவங்களுக்கு இல்லையே.

வண்டி விடறப்பவே மாத்தற பார்ட்ட எனக்கு திருப்பி தரணும்னு ஜாப் கார்டுல எழுத சொல்லுங்க. எக்ஸ்சேஞ்சுன்னா கழட்டறப்ப போட்டோ கேளுங்க, டர்போ மேல ஒரு சின்ன தகடு இருக்கும், பார்ட் நம்பர் சீரியல் நம்பரோட, வண்டி விடறதுக்கு முன்னாடி அத நீங்களும் ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. டீகார்பனைசிங், இன்ஜின் ஃபிளஷ், மைலேஜ் கூட்டற ரீமேப்னு நீட்டறத எல்லாம் லீக் டெஸ்ட் முடியற வரைக்கும் தள்ளி வைங்க. இ.ஜி.ஆர தகடு வெச்சு அடைச்சிரலாம்னு சொல்ற ஆளுங்களும் உண்டு, அது புகை கன்ட்ரோலுக்குன்னு வெச்ச பார்ட்டு, கிளீன் பண்ணாலே போதும்.

ஒர்க்‌ஷாப் ஓனர்கிட்ட வீடியோவ காட்டுனேன். மொதல்ல "எங்க பசங்க அப்படி பண்ண மாட்டாங்க", அப்புறம் "வேற எங்கயோ கழட்டிருக்கீங்க, வாரன்டி போச்சு", கடைசில "பத்தாயிரம் வாங்கிக்கங்க சார், ஒரு சர்வீஸ் ஃப்ரீயா பண்ணி தர்றோம்". மறுபடி அவங்க கையில வண்டிய குடுக்கறதா? வேண்டாம்னுட்டேன். 1915ங்கற நம்பருக்கு போன் பண்ணி தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன்ல பதிஞ்சேன், அதுக்கும் மசியல, இப்ப மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு ஆன்லைன்ல மனு போட்டாச்சு. 5 லட்சம் வரைக்கும் குடுத்த காசுக்கு மனு ஃபீஸ் கிடையாது, வக்கீல் கட்டாயம் இல்ல, சம்பவம் நடந்து 2 வருஷத்துக்குள்ள போட்டா போதும். ஜிபே ரெக்கார்டு, வெள்ளை எஸ்டிமேட், துரு புடிச்ச நட்டு போட்டோ, பெரியவர் எழுதி குடுத்த லெட்டர் எல்லாம் சேத்து குடுத்திருக்கேன். அந்த டேப்பு சுத்துன ஹோஸையும் ஒரு கவர்ல கட்டி பத்திரமா வெச்சிருக்கேன், கேட்டா கொண்டு போய் மேஜை மேல வைக்கறதுக்கு.