பழைய ஹைலக்ஸ் டபிள் கப்: எஞ்சினைக் கேட்க முதல் றேடியேற்றரைத் திறந்து பாருங்கோ

டொயோட்டா ஹைலக்ஸ் எல்.என். 106, இரண்டு வரிசைச் சீற்றும் பின்னுக்குச் சாமான் தட்டும் உள்ள டபிள் கப். 1988 முதல் 1997 வரை வந்த தலைமுறை. 2,779 சி.சி. 3எல் டீசல் எஞ்சின். ரேர்போ இல்லை, கொம்பியூற்றர் பெட்டி இல்லை, முன்னுக்கும் பின்னுக்கும் பிளேற் ஸ்பிரிங். யாழ்ப்பாணத்தில் வெங்காயம், பீற்றூட், சீமெந்து, மீன்பெட்டி, பொம்பிளை மாப்பிளை என்று எல்லாத்தையும் ஏற்றி இறக்கிய வாகனம். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் திறந்தும், வரியோடு புது டபிள் கப் விலை கைக்கு எட்டாததால், முப்பது வயதை எட்டிய இதை ஆட்கள் இன்னும் தேடித் திரிகிறார்கள்.

வாங்கலாமா? வாங்கலாம். ஆனால் பெயின்ற் மினுக்கத்துக்கும் புதுச் சீற் கவருக்கும் காசு குடுக்காதேங்கோ. 'எஞ்சின் முடிஞ்சுது' என்று தள்ளிவிடுகிற வாகனங்களில் பல, ஒரு சின்னச் சாமானோடு திரும்ப ஓடக்கூடியவை. உண்மையிலேயே இதை முடிக்கிறது இரண்டுதான்: சூடும் கறளும்.

சூட்டில் தொடங்குவம். யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதிக் கிணறுகள் சுண்ணாம்புக்கல்லுக்குள் வெட்டினவை. தண்ணி கொதிக்க வைக்கும் கேத்திலின் அடியில் படிகிற வெள்ளைப் பொருக்கு எல்லா வீட்டுக்கும் தெரியும்; கிணத்துத் தண்ணி ஊற்றின றேடியேற்றருக்குள்ளும் அதுதான் நடக்கிறது. குழாய்கள் ஒவ்வொன்றாக அடைபடும். எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டுக்குள் வால்வுகளுக்கு இடையில் இருக்கும் ஒடுக்கமான தண்ணிப் பாதையிலும் பொருக்கு ஏறும். அந்த இடம் சூடேறி வெடிக்கும். இதே குடும்பத்து 2எல் எஞ்சின் ஹெட் வெடிப்புக்குப் பேர்போனது. 3எல் அதைவிடத் திறம்தான், ஆனாலும் தப்பாது.

வாங்கப் போகும்போது எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். 'இப்பதான் ஒரு சுற்று ஓடிட்டு வந்தனான்' என்றால் வேறு நாள் போங்கோ. றேடியேற்றர் மூடியைத் திறந்து விரலை உள்ளே விட்டுப் பாருங்கோ. வெள்ளைப் பொருக்கோ செங்கல் நிறச் சேறோ விரலில் வந்தால் கிணத்துத் தண்ணி வாகனம். பச்சையோ சிவப்போ கூலன்ற் இருந்தாலும் உடனே நம்ப வேண்டாம், விற்கிறதுக்கு முதல்நாள் ஊற்றியிருக்கலாம். மூடியைப் பூட்டி ஸ்ராட் பண்ணி, மேல் ஹோஸைக் கையால் அமத்துங்கோ. எஞ்சின் இன்னும் சூடாகாமல் ஒன்றிரண்டு நிமிசத்திலேயே ஹோஸ் கல்லாக இறுகினால், எரிந்த காற்று தண்ணிக்குள் போகிறது. ஹெட்டுக்குக் கீழே வைக்கிற கஸ்கற் போயிருக்கும், அல்லது ஹெட் வெடித்திருக்கும். அதோடு பேச்சை நிப்பாட்டலாம், அல்லது ஹெட் வேலைக் காசை விலையில் கழிக்கலாம்.

அப்படி இல்லாவிட்டால் நல்லாச் சூடாக விட்டு, எஞ்சினை நிப்பாட்டி, காற்றாடி நின்ற பிறகு, றேடியேற்றர் முகத்தை மேலிருந்து கீழே கையால் தடவுங்கோ. இடையில் குளிர்ந்த திட்டுகள் தட்டுப்பட்டால் அந்தக் குழாய்கள் அடைப்பு. பித்தளைத் தாங்கி வைத்த பழைய றேடியேற்றர் என்றால் தாங்கியைச் சூடாக்கிக் கழட்டி, குழாய்க்குள் கம்பி விட்டுக் கிளீன் பண்ணித் திரும்ப ஈயம் வைக்கலாம். பிளாஸ்ரிக் தாங்கி வைத்த அலுமினியத்துக்கு அந்த வேலை சரிவராது, மாத்திறதுதான். கையோடு காற்றாடியையும் சுழற்றிப் பாருங்கோ. சூட்டில் அது இறுக்கமாகச் சுழல வேண்டும். சும்மா பம்பரம் போட்டால் அதன் கப்ளிங்கில் எண்ணெய் போய்விட்டது. ஓட்டத்தில் சூடேறாமல் சந்தை வாசலில் நிற்கும்போது மட்டும் முள் ஏறுகிற வாகனத்தில் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

இங்கே பல கராச்சுகளில் 'எங்கட வெயிலுக்குத் தேர்மோஸ்ரற் தேவையில்லை' என்று, சூடானதும் தண்ணிப் பாதையைத் திறக்கிற அந்தச் சாமானைக் கழட்டி எறிகிற பழக்கம் இருக்கிறது. இந்த எஞ்சினில் அது நேரே எதிர்மாறான வேலை. இதன் தேர்மோஸ்ரற்றுக்குக் கீழே இன்னொரு வால்வு உண்டு. சூடானதும் அது பக்கப் பாதையை அடைத்து, தண்ணி முழுவதையும் றேடியேற்றருக்குத் தள்ளுகிறது. கழட்டினால் ஒரு பகுதித் தண்ணி றேடியேற்றரைப் பாராமலே எஞ்சினுக்குள் சுற்றும், சூடு கூடும். 82 பாகையில் திறக்கிறதை வாங்கிச் சட்டியில் தண்ணியோடு போட்டுச் சூடாக்கிப் பாருங்கோ: 82இல் அசையத் தொடங்கி, 95இல் 8 மில்லிமீற்றராவது திறந்தால் பூட்டலாம்.

ஊற்ற வேண்டியது கூலன்றும், பற்றரிக்கு விடுகிற வடித்த தண்ணியும் (அசிட் இல்லை) பாதிக்குப் பாதி. அந்தரத்துக்கு வடிகட்டின மழைத்தண்ணி பரவாயில்லை, கிணத்துத் தண்ணி வேண்டாம். ஒழுக்கை நிப்பாட்ட மஞ்சள் தூள் போடுகிற வைத்தியத்தைச் சமையலறையோடு வைத்திருங்கோ. அது ஒழுகும் ஓட்டையை அடைக்கிறதோ இல்லையோ, ஒழுகாத குழாயை அடைக்கும்.

ஹெட் கழட்டுகிற நிலை வந்தால் பிறசர் ரெஸ்ற் செய்யாமல் திருப்பிப் பூட்ட விடாதேங்கோ. வெடிப்பு கண்ணுக்குத் தெரியாமலும் இருக்கும். கஸ்கற் மூன்று தடிப்பில் வருகிறது. பிஸ்ரன் புளொக்குக்கு மேலே எவ்வளவு நீட்டி நிற்கிறது என்று அளந்துதான் எது என்று தீர்மானிக்கிறது. கடையில் கிடைத்ததைப் பூட்டினால் ஒன்றில் கொம்பிரசன் குறைந்து காலமையில் ஸ்ராட் வராது, அல்லது பிஸ்ரன் வால்வில் தட்டும். வால்வு இடைவெளி எஞ்சின் ஆறியபடி இன்லெற் 0.20 முதல் 0.30 மில்லிமீற்றர், எக்ஸோஸ்ற் 0.40 முதல் 0.50. சிம் என்கிற சின்னத் தகட்டை மாத்தித்தான் இதைச் சரிசெய்யலாம், ஸ்குரூ திருகுகிற வேலை இல்லை. சிம் இல்லை என்று அப்படியே விட்டால் எக்ஸோஸ்ற் வால்வு எரியும்.

இனி ஸ்ராட் வராத பிரச்சினை. ஆட்கள் அதிகம் ஏமாறுகிற இடம் இது.

திறப்பைத் திருப்ப 'டிக்' என்று ஒரு சத்தம், பிறகு ஒன்றுமில்லை; நாலைந்து தரம் திருப்ப ஒருக்கால் சுற்றும். பற்றரி 12.6 வோல்ற் காட்டுகிறது, ரேர்மினலும் கிளீன் என்றால், ஸ்ராட்டருக்குக் கரண்ட் குடுக்கிற சுவிச்சான சொலனொயிட்டுக்குள் இருக்கும் இரண்டு செப்புத் துண்டுகள் தேய்ந்துவிட்டன. மூன்று சின்ன ஆணியை இளக்கி மூடியைக் கழட்டினால் தெரியும்: ஒரு பக்கத் துண்டு மற்றதைவிடக் குழி விழுந்திருக்கும். அந்தத் துண்டுகளையும் நடுவில் இருக்கும் பிளஞ்சரையும் மாத்தினால் வேலை முடிஞ்சுது. இதற்கு முழு ஸ்ராட்டர் வாங்கச் சொல்கிற கராச்சுக்குத் திரும்பப் போக வேண்டாம். கழட்ட முதல் பற்றரியின் நெகற்றிவ் வயரைக் கழட்டுங்கோ.

ஸ்ராட்டர் நல்லாச் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை என்றால் புகைக்குழாயைப் பாருங்கோ. வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, எரியவில்லை. ஸ்ராட்டுக்கு முதல் எஞ்சின் அறையைச் சூடாக்குகிற குளோ பிளக் நாலையும் மல்ரிமீற்றரால் ஓம் பார்க்க வேண்டும். நல்ல பிளக் ஏறத்தாழ ஒரு ஓமுக்குள் காட்டும், செத்தது ஒன்றுமே காட்டாது. 'யாழ்ப்பாணத்தில் என்ன குளிர்' என்று சிரிக்கத் தேவையில்லை. தனி அறைக்குள் டீசல் அடிக்கிற இந்த வகை எஞ்சினுக்கு மார்கழிக் காலமை மட்டுமில்லை, சித்திரையிலும் இராத்திரி ஆறியிருந்தால் குளோ தேவை. இதில் மட்டும் மலிவைப் பார்க்காதேங்கோ. மலிவுப் பிளக்கின் நுனி வீங்கி ஹெட்டுக்குள் இறுகும், கழட்டப் போக முறிந்து உள்ளே விழும்.

புகையே இல்லையென்றால் டீசல் போகவில்லை. திறப்பை ஒன் பண்ணும்போது டீசல் பம்பில் டீசலைத் திறந்து மூடுகிற கட்-ஓப் சொலனொயிட் 'டக்' என்று தட்ட வேண்டும். தட்டாவிட்டால் அதன் வயரில் 12 வோல்ற் வருகிறதா என்று முதலில் பாருங்கோ. கரண்ட் வந்தும் தட்டவில்லை என்றால் சொலனொயிட் மாத்தவேண்டும். தட்டுகிறது, ஆனாலும் டீசல் இல்லை, இராத்திரி நின்றால்தான் இந்தக் கரைச்சல், பில்ரருக்கு மேலுள்ள கைப்பம்பை அமத்த அமத்தச் சரிவருகிறது என்றால் எங்கேயோ காற்று உறிஞ்சுகிறது. பில்ரருக்கும் பம்புக்கும் இடையிலுள்ள ஹோஸைக் கழட்டி, ஒரு துண்டு தெளிவான பிளாஸ்ரிக் ஹோஸைப் போட்டு எஞ்சினை ஓட விடுங்கோ. குமிழி ஓடினால் காற்றுக்கு முதல் சந்தேகம் கைப்பம்பின் றப்பர். அடுத்தது தாங்கியிலிருந்து வரும் றப்பர் ஹோஸ்களின் வெடிப்பு, குறிப்பாக கிளிப் இறுக்கின இடங்கள். டீசல் பம்பைக் கழட்டக் குடுக்க முதல் இந்தச் சோதனையைச் செய்தே ஆக வேண்டும். பம் வேலைக்கும் ஒரு துண்டு ஹோஸுக்கும் உள்ள விலை வித்தியாசம் சொல்லத் தேவையில்லை.

பம்பைப் பற்றி இன்னொன்று. உள்ளே இருக்கும் தகடுகளுக்கும் பிளஞ்சருக்கும் டீசலே ஒயில். வேறு ஒயில் இல்லை. மண்ணெண்ணெய் கலந்து ஓடின வாகனத்தில் அவை காய்ந்து தேயும். சூட்டில் நிப்பாட்டிவிட்டுத் திரும்ப ஸ்ராட் பண்ண வராது, ஆறினால் வரும் என்றால் பம் தேய்ந்ததற்கு அதுதான் அடையாளம். 2022 தட்டுப்பாட்டுக் காலத்தில் பரலிலும் கானிலும் சேர்த்து வைத்த டீசலால் தாங்கிக்குள் தண்ணியும் கறளும் போன வாகனங்களும் உண்டு. பில்ரரின் அடித் திருகை இளக்கிக் கைப்பம்பை அமத்தி, ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்துப் பாருங்கோ. தண்ணி அடியில் தனியாக நிற்கும்.

பிறேக் மிதி திடீரென்று கட்டையாக இறுகி, சாஜ் லைற்றும் பத்துகிறதா? இரண்டு நோய் இல்லை, ஒன்றுதான். பிறேக் மிதியை இலகுவாக்குகிற வக்கியூம் டீசல் எஞ்சினில் தானாக வராது; அதற்கான பம் அல்ரநேற்றரின் முதுகில் ஒட்டியிருக்கிறது, எஞ்சின் ஒயிலில் ஓடுகிறது. இடையில் உள்ள ஒயில் சீல் போனால் ஒயில் அல்ரநேற்றருக்குள் இறங்கிக் காபன் பிறஸை நனைக்கும், பம்பும் இழுக்காது. சீல், பிறஸ், பம்பின் சின்ன இறக்கைகள் மூன்றையும் ஒரே தரத்தில் பார்க்கச் சொல்லுங்கோ. வேலை முடிந்து எஞ்சின் ஓடும்போது பற்றரியில் 13.8 முதல் 14.4 வோல்ற் வர வேண்டும்.

ரைமிங் பெல்ற் 100,000 கிலோமீற்றருக்கு. அறுந்தால் வால்வு பிஸ்ரனில் அடிக்கும், தப்பாது. டாஷ்போட்டில் அதற்கென்றே ஒரு லைற் உண்டு. திறப்பை ஒன் பண்ணும்போது பத்தி, ஸ்ராட் ஆனதும் அணைய வேண்டும். ஒன் பண்ணும்போதே பத்தாவிட்டால் பல்ப்பைக் கழட்டியிருக்கிறார்கள். பெல்ற் மாத்தாமல் மீற்றரில் லைற்றை மட்டும் திருப்பி அணைக்கவும் முடியும் என்பதால், மாத்தின பில் இல்லாத வாகனத்தை மாத்தாத வாகனம் என்றே எடுங்கோ. ரென்சனர் பெயாரிங்கும் முன் ஒயில் சீல்களும் சேர்த்துத்தான்.

வாகனத்தின் அடிச்சட்டமான செசிக்கு வருவம். கடலைக் கடக்கிற பண்ணைப் பாலம், காரைநகர்ப் பாலம் வழியாகத் தினமும் ஓடின வாகனத்தையும், உரும்பிராய், கோப்பாய்ச் செம்மண்ணில் ஓடினதையும் ஒரே மாதிரிப் பார்க்கக் கூடாது. செம்மண் வாகனத்தில் சேறு ஒட்டிக் காய்ந்திருக்கும், கழுவினால் போகும். றேடியேற்றர் முகமும் பின் பிறேக் டிறமும் அடைபட்டிருக்கும், அவ்வளவுதான். கடற்காற்று வாகனத்தில் செசிப் பெட்டிக்குள்ளிருந்து கறள் தின்று வரும், வெளியே கறுப்புப் பெயின்ற் பளபளக்கும். சின்னச் சுத்தியலால் பின் அச்சுக்கு மேலுள்ள வளைவையும், பிளேற் ஸ்பிரிங் கொழுவின இடங்களையும் தட்டிக்கொண்டு போங்கோ. கணீர் என்று கேட்க வேண்டும். மொத்தையாகக் கேட்கிற இடத்தில் உள்ளே தகடில்லை. மேலே தகடு வைத்து ஒட்டினது தெரிந்தால் வேண்டாம். எஞ்சினை எப்படியும் செய்யலாம், அந்தச் செசியைச் செய்ய ஏலாது.

முன் அச்சில் சில்லுக்குப் பின்னால் இருக்கும் பெரிய உருண்டையைப் பாருங்கோ. கிறீஸ் கொஞ்சம் ஈரமாக இருக்கலாம், ஒயிலாக வடியக் கூடாது. வடிந்தால் உள் அச்சுச் சீல் போய் டிபறன்சல் ஒயில் கிறீஸோடு கலக்கிறது. 60, 70 வேகத்தில் ஸ்ரியறிங் உதறுகிறதற்கு சில்லு பலன்சிங் என்று காசு கட்ட முதல், ஜக் அடித்துச் சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கோ. ஆட்டம் இருந்தால் சில்லுப் பெயாரிங் அல்லது அந்த உருண்டையின் கிங்பின் பெயாரிங். பின் பிறேக் திருத்தினால் பாரத்துக்கு ஏற்ப பிறேக்கைக் கூட்டிக் குறைக்கும் வால்விலும் காற்று எடுக்க வேண்டும். அச்சுக்கு மேல், செசியில் இருக்கும். அதை விட்டுவிட்டு நாலு சில்லிலும் மட்டும் எடுத்தால் மிதி பஞ்சாகவே நிற்கும். ஒயில் நனைந்த பிறேக் சூவைப் பெற்றோலால் கழுவித் திரும்பப் பூட்டுகிறதும் பிழை, மாத்துங்கோ.

சாமான் பிரச்சினை இல்லை. அன்றாடச் சாமான் யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதியில் எடுக்கலாம், பழைய ஹெட், கியர்ப் பெட்டி மாதிரியானவை கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து வரும். கழட்டின ஹெட் என்றால் பிறசர் ரெஸ்ற் செய்த பிறகுதான் முழுக் காசு என்று முதலே பேசிக்கொள்ளுங்கோ. லீற்றருக்கு 9, 10 கிலோமீற்றர் எதிர்பார்க்கலாம். சும்மா நகரத்துக்குள் ஓட வாங்குகிறவைக்கு இது பாரமான, சத்தமான, ஏசி போட்டால் மூச்சு வாங்குகிற வாகனம், வேண்டாம்.

புகைப் பரிசோதனையில் தவறினால் எயர் பில்ரரை மாத்தி, இன்ஜெக்ரர் நாலையும் ரெஸ்ற் பண்ணுங்கோ, செப்பு வோசர் புதுசு போட்டு. பம்பின் பின்னால் ஈயம் வைத்துப் பூட்டின டீசல் ஸ்குரூவில் மட்டும் கை வைக்க விடாதேங்கோ. குறைத்தால் புகை போகும், பாரத்தோடு இழுவையும் போகும். பிறகு இழுவைக்காகக் கூட்டுவார்கள், அளவுக்கு மேல் டீசல் போய்த் திரும்பவும் சூடேறும்.