மூட்டைத் தொட்டுப் பார்க்கக் கற்றுத்தரும் கையேடு

எம்.பி.பி.எஸ். படிப்பில் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் கிடைக்கும் கவனம் மூட்டுகளுக்குக் கிடைப்பதில்லை. ஸ்டெதஸ்கோப்பை எங்கே வைப்பது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடும் இறுதியாண்டு மாணவர், வீங்கிய மணிக்கட்டு ஒன்றை முன்னால் நீட்டினால், எங்கே தொடங்குவது என்று தெரியாமல் எக்ஸ்ரேவும், முடக்குவாதத்துக்கான (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) ரத்தப் பரிசோதனையான ஆர்.ஏ. ஃபேக்டரும் எழுதிவிட்டு அடுத்த நோயாளியை அழைக்கிறார். பிரிட்டனின் ஆர்த்ரைட்டிஸ் ரிசர்ச் யூகே என்ற தொண்டு நிறுவனம், அதாவது 2018இல் வெர்சஸ் ஆர்த்ரைட்டிஸ் என்று பெயர் மாறிய அமைப்பு, மருத்துவ மாணவர்களுக்காக இலவசமாக வெளியிட்ட தசை, எலும்பு, மூட்டுப் பரிசோதனைக் கையேடு இந்தக் குறையைத்தான் குறிவைக்கிறது. பெரும்பகுதி அதில் வெற்றியும் பெறுகிறது.

நோய்களின் பட்டியலை முன்வைக்காமல், நோயாளியிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதில் தொடங்குவது இதன் முதல் சிறப்பு. தற்போதைய தொந்தரவு என்ன, அது எப்படி வளர்ந்தது, உடலின் வேறு உறுப்புகளும் பாதிக்கப்பட்டிருக்கின்றனவா, அன்றாட வாழ்க்கை எந்த அளவுக்குத் தடைப்பட்டிருக்கிறது என்ற நான்கு கேள்விகளுக்குள் வரலாறு முழுவதும் அடங்கிவிடுகிறது. இவற்றை ஒழுங்காகக் கேட்டாலே பாதி நோயறிதல் முடிந்துவிடும். காலையில் கைவிரல்கள் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக இறுகிக் கிடந்து, வேலை செய்யச் செய்ய இளகினால் அழற்சியை நினைக்க வேண்டும். எழுந்ததும் சற்று நேரமே இறுக்கம் இருந்து, மாலையில் நடந்து களைத்த பிறகு முழங்கால் வலி கூடினால் தேய்மானத்தை நினைக்க வேண்டும். விரல் நுனிக்கு அருகிலுள்ள கணுக்களைப் பொதுவாக விட்டுவிட்டு, விரலின் அடிக்கணுக்களையும் நடுக்கணுக்களையும் இரு கைகளிலும் பிடிப்பது முடக்குவாதம். அந்த நுனிக்கணுக்களில் கெட்டியான முடிச்சுகளை உண்டாக்குவது தேய்மானம். இளைஞர் ஒருவருக்கு ஓய்வில் கூடி நடமாட்டத்தில் குறையும் முதுகுவலி மாதக்கணக்கில் இருந்தால், அதை ‘வெயிட் தூக்கியதால் வந்தது’ என்று தள்ளிவிடக் கூடாது.

கையேட்டின் உயிர்நாடி கேல்ஸ் என்ற சுருக்கப் பரிசோதனை. நடை, கைகள், கால்கள், முதுகெலும்பு ஆகியவற்றைச் சில நிமிடங்களில் சோதித்து முடிக்கும் இந்த முறை 1992இல் வெளியானது. தசையிலோ மூட்டிலோ முதுகிலோ வலியோ இறுக்கமோ உண்டா, சிரமமின்றித் தாமாக உடை உடுத்த முடிகிறதா, படி ஏறி இறங்க முடிகிறதா என்ற மூன்று கேள்விகளுடன் அது தொடங்குகிறது. பிறகு வரும் ஒவ்வொரு அசைவுக்கும் காரணம் உண்டு. இரு கைகளையும் தலைக்குப் பின்னால் கொண்டுபோகச் சொல்வது தோளையும் முழங்கையையும் ஒரே நேரத்தில் காட்டிக்கொடுக்கிறது. விரல்களின் அடிக்கணு வரிசையைப் பக்கவாட்டில் மெல்ல அழுத்தும்போது கையைப் பார்க்காமல் நோயாளியின் முகத்தைப் பார்க்க வேண்டும்; வாய் ‘வலியில்லை’ என்று சொன்னாலும் புருவம் சுருங்கிவிடும். குனியச் சொல்லும்போது கீழ்முதுகின் முள்ளெலும்புகள் இரண்டின் மேல் இரு விரல்களை வைத்திருந்தால், முதுகு உண்மையில் வளையும்போது விரல்கள் விலகும். இடுப்பு மூட்டு மட்டும் மடங்கினால் அவை விலகாது. எழுத்தில் படித்து இது பிடிபடாது. இந்தப் பரிசோதனையைக் காட்டும் காணொளி ஒன்றைப் பார்த்துவிட்டு நண்பர் ஒருவரிடம் செய்து பழகுவது நல்லது.

கேல்ஸில் குறை தென்பட்ட இடத்தை விரிவாகச் சோதிக்க, 2004இல் வகுக்கப்பட்ட ரெம்ஸ் முறை உதவுகிறது. பார்த்தல், தொடுதல், அசைத்தல், செயல்பாட்டைச் சோதித்தல் என்ற ஒரே வரிசை எல்லா மூட்டுகளுக்கும் பொருந்துவதால் தேர்வு மேசையில் மறந்துபோக வாய்ப்பு குறைவு.

ஆய்வகப் பரிசோதனைகள் பற்றிய பகுதி மிகச் சுருக்கமானது. ஆர்.ஏ. ஃபேக்டர் நலமாக உள்ளவர்கள் சிலரிடமும் பாசிட்டிவாக வரும், முடக்குவாதம் உள்ள சிலரிடம் நெகட்டிவாகவே இருக்கும் என்பதை இங்கே கொட்டை எழுத்தில் அச்சிட்டாலும் தகும். நோய்களின் போக்கு, மருந்துகள் ஆகியவற்றுக்குத் தனிப் பாடநூல் வேண்டும்; முடக்குவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்சேட் மருந்தை எழுதக் கற்றுக்கொள்ள இந்தக் கையேட்டைத் திறப்பவர் ஏமாறுவார்.

நம் ஊர் ஓ.பி.யில் இதைப் பயன்படுத்தும்போது சில சேர்க்கைகள் தேவை. படியே இல்லாத வீட்டில் வாழும் மூதாட்டியிடம் படி ஏறுவதைப் பற்றிக் கேட்பதில் பயன் குறைவு. தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து எழ முடிகிறதா, குந்தி உட்கார முடிகிறதா என்று கேட்டால் முழங்காலின் நிலை உடனே தெரிந்துவிடும். சிக்குன்குனியா காய்ச்சல் விட்டுப் போன பிறகும் மாதக்கணக்கில் சிறு மூட்டுகள் வீங்கி, முடக்குவாதம் போலவே தோற்றம் தரலாம் என்பதால், காய்ச்சல் வரலாற்றை வற்புறுத்திக் கேட்க வேண்டும். ஒற்றை மூட்டு வாரக்கணக்கில் வீங்கியிருந்தாலோ, முதுகெலும்பின் ஓரிடத்தில் விடாமல் வலித்தாலோ காசநோயை நினைக்காமல் இருக்க முடியாது.

திடீரெனச் சூடேறிச் சிவந்து வீங்கிய ஒற்றை மூட்டு எந்த நாட்டிலும் அவசர நிலைதான். யூரிக் அமிலப் படிகங்களால் வரும் கவுட்டாகவே தோன்றினாலும், மூட்டு நீரை ஊசியால் எடுத்துக் கிருமியும் படிகமும் பார்க்கும்வரை அதைச் சீழ்பிடித்த மூட்டாகவே கருத வேண்டும். இயன்றவரை ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே நீரை எடுத்துவிட வேண்டும்.

குழந்தைகளுக்கு இக்கையேட்டின் கேல்ஸ் போதாது. பள்ளி வயதினருக்கென்று, தாடை மூட்டையும் மணிக்கட்டையும் குதிகால் நடையையும் சேர்த்து 2006இல் வெளியான பி-கேல்ஸ் தனியாக இருக்கிறது. குழந்தைகள் வார்டுக்குப் போகும் முன் அதைப் பழகிக்கொள்ளலாம்.