ஓட்டையை அடைத்த பிறகே இயந்திரம்: வட்டார ஆற்றல் சேமிப்புத் திட்டம் ஒன்றின் பயனர் மதிப்பீடு

பல உள்ளாட்சி அமைப்புகள் கூட்டாக நடத்தும் வீட்டு ஆற்றல் சேமிப்புத் திட்டம் ஒன்றின் சேவையைத் தொடக்கம் முதல் முடிவு வரை பயன்படுத்திவிட்டேன். முதலில் ஆற்றல் தணிக்கை, அடுத்து காற்றுக்கசிவை அடைத்துக் கூரைக்கு வெப்பக்காப்பு இடுதல், கடைசியாக எரிவாயு வாட்டர் ஹீட்டரை அகற்றிவிட்டு மின்சாரத்தில் இயங்கும் ஹீட் பம்ப் வாட்டர் ஹீட்டரைப் பொருத்துதல் என மூன்று கட்டங்கள். தணிக்கைக்குத் தயங்காமல் முழு மதிப்பெண் தருவேன். மானியம் வழங்கும் முறைக்குப் பாதிதான்.

தணிக்கைக்கு அரை நாள் பிடித்தது. வாசல் நிலையில் துணித்திரையோடு ஒரு பெரிய விசிறியைப் பொருத்தி, உள்ளிருக்கும் காற்றை வெளியே இழுத்து, வீட்டுக்கு உள்ளும் புறமும் 50 பாஸ்கல் அழுத்த வேறுபாட்டை உண்டாக்குகிறார்கள். அந்த நிலையில் ஒரு மணி நேரத்தில் வீட்டுக் காற்று எத்தனை முறை முழுவதுமாக மாறுகிறது என்பதே கசிவின் அளவு. எங்கள் வீட்டுக்கு 11 வந்தது. ஜெர்மனியில் உருவான பாசிவ் ஹவுஸ் தரம் 0.6க்கு மேல் அனுமதிப்பதில்லை என்பதை அறிந்தபோது, இத்தனை ஆண்டுகளாக எரிவாயுவுக்குக் கட்டிய கட்டணத்தில் எவ்வளவு ஊர்க்காற்றைச் சூடாக்கப் போனதோ என்று தோன்றியது.

குற்றவாளி ஜன்னல்கள்தாம் என்று உறுதியாக நம்பியிருந்தேன். எல்லாவற்றையும் மாற்றுவதற்கு ஒரு விற்பனையாளரிடம் விலைப்புள்ளிகூட வாங்கி வைத்திருந்தேன். தணிக்கையாளர் புகைக்குச்சியை ஜன்னல் சட்டங்களை ஒட்டி நகர்த்தியபோது புகை ஏறக்குறைய நேராகவே எழுந்தது. பரண் கதவின் இடுக்கருகே கொண்டுபோனதும் அது முகத்தில் வந்து அடித்தது. சமையலறைத் தொட்டிக்கு அடியில் குழாய் நுழையும் துளையிலும், கூரையில் பதித்த விளக்குகளைச் சுற்றியும் அதே கதை. "மெஷினை அப்புறம் பார்க்கலாம் சார், முதல்ல ஓட்டையை அடைப்போம்" என்றார். எந்தப் பொருளையும் விற்காத, எந்த விற்பனையாளரிடமும் கமிஷன் பெறாத ஒருவர் வீட்டுக்குள் வந்து இதைச் சொல்வதுதான் இத்திட்டத்தின் சாரம். அதைத் தனியார் சந்தை எனக்குத் தந்திருக்காது.

அடைப்பு வேலை ஒரே நாளில் முடிந்தது. நுரை, பசை, ரப்பர் பட்டை ஆகியவற்றைத் தவிர அதில் பெரிய பொருள்கள் எதுவுமில்லை; மறு அளவீட்டில் 6 வந்தது. கசிவை அடைத்த வீட்டில் எரிவாயுச் சாதனத்தின் புகை புகைபோக்கி வழியே வெளியேறாமல் உள்ளே திரும்பக்கூடும் என்பதால், அன்று மாலையே அதையும் சோதித்துப் பார்த்த பிறகுதான் கிளம்பினார்கள்.

இனி இயந்திரத்துக்கு வருகிறேன். மின்சுருள் ஹீட்டர் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு யூனிட் வெப்பத்துக்கு மேல் தர முடியாது. ஹீட் பம்ப் சுற்றியுள்ள காற்றிலிருந்தே வெப்பத்தை எடுத்துத் தண்ணீருக்கு ஏற்றுவதால், சாதகமான சூழலில் ஏறத்தாழ மூன்று யூனிட் வரை தருகிறது. ஓடும்போது பழைய குளிர்பதனப் பெட்டியைப் போல இரைகிறது, வைத்திருக்கும் அறையைக் குளிர்விக்கிறது, சொட்டும் நீருக்குத் தனி வடிகுழாய் கேட்கிறது. படுக்கையறைச் சுவரை ஒட்டி வைக்க வேண்டாம். இவையெல்லாம் பொறுத்துக்கொள்ளக்கூடியவை. பொறுக்க முடியாதது வேறு. இரண்டாவது வாரத்தில் மின்மீட்டர் எதிர்பார்த்ததைவிட வேகமாக ஓடுவதைக் கவனித்துத் திரையை நோக்கினால், பொருத்தியவர் அவசரத்துக்கு உதவும் மின்சுருள் முறையிலேயே இயந்திரத்தை விட்டுப் போயிருந்தார். மானியத்துக்கு அனுப்பிய புகைப்படத்தில் வரிசை எண் தெளிவாகத் தெரிந்தது; எந்த முறையில் ஓடுகிறது என்று யாரும் கேட்கவில்லை.

என் குறை இதுதான்: திட்டம் பொருத்திய இயந்திரங்களை எண்ணுகிறது, மிச்சமான ஆற்றலை அளப்பதில்லை. அதே கண்ணோட்டத்தால், அங்கீகரித்த சாதனங்களின் பட்டியல், ஹீட் பம்புக்குள் வெப்பத்தைச் சுமக்கும் குளிர்பதன வாயுவையும் பொருட்படுத்துவதில்லை. அப்படிப் பயன்படும் வாயுக்களில் ஒன்றான ஆர்-134ஏ கசிந்தால், நூறு ஆண்டுக் கணக்கில் அதே எடையுள்ள கார்பன் டை ஆக்சைடைப் போல 1,430 மடங்கு வெப்பமூட்டும். கார்பன் டை ஆக்சைடையே குளிர்பதனமாகக் கொண்ட ஹீட்டர்களும் சந்தையில் உண்டு. இரண்டுக்கும் ஒரே மானியம் என்பது கார்பன் குறைப்பைப் பெயரில் தாங்கிய திட்டத்துக்குப் பொருந்தவில்லை.

கலிபோர்னியாவில் 2012இல், உள்ளாட்சி அமைப்புகள் இதேபோல் கூட்டாக நடத்தும் வட்டார ஆற்றல் வலையமைப்புகளுக்கு ஒப்புதல் கிடைத்தபோது, மின் நிறுவனங்கள் செய்ய முடியாததையும் செய்ய முன்வராததையும் செய்வதும், எளிதில் எட்ட முடியாத வாடிக்கையாளர்களிடம் போய்ச் சேர்வதும் அவற்றின் வேலைகளாக வரையறுக்கப்பட்டன. அந்த இரண்டாவது அளவுகோலில் நான் பயன்படுத்திய சேவை தோற்கிறது. முழுத் தொகையையும் முதலில் நாம் கட்ட வேண்டும். மானியம் பிறகுதான் திரும்பி வரும். கையில் சேமிப்பு உள்ளவருக்கே இது ஒத்துவரும். வாடகைக்குக் குடியிருப்பவருக்கு விண்ணப்பிக்கவே வழியில்லை. கட்டணம் கட்டுவது அவர், இயந்திரத்தை மாற்றும் உரிமை வீட்டுக்காரருக்கு. நியூயார்க் நகரம் இந்த முடிச்சை வேறு விதமாக அணுகியது: 2019ஆம் ஆண்டின் 97ஆம் எண் உள்ளாட்சிச் சட்டம், 25,000 சதுர அடிக்கு மேற்பட்ட பெரும்பாலான கட்டடங்களுக்கு 2024 முதல் உமிழ்வு வரம்பு விதித்து, மீறினால் அபராதத்தை உரிமையாளர் தலையில் வைக்கிறது. தனி வீடுகளை அது தொடுவதில்லை என்பது உண்மைதான். ஆனாலும் மானியத்தால் மட்டும் வாடகை வீடுகளை எட்ட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

விண்ணப்பிக்க நினைப்பவர்கள் பழைய ஹீட்டர் நன்றாக ஓடும்போதே தணிக்கைக்குப் பதிவு செய்துகொள்ளுங்கள். எங்களுக்கு ஒப்புதல் கிடைக்க ஏழு வாரம் ஆனது. அத்தனை நாள் வெந்நீர் இல்லாமல் யாரும் காத்திருக்க மாட்டார்கள், கடையில் கைக்குக் கிடைத்த எரிவாயு ஹீட்டரையே மறுபடியும் வாங்கிவிடுவார்கள். பொருத்துபவர் கிளம்பும் முன், திரையில் எந்த முறை தெரிகிறது என்று அவரையே வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.