பதினொரு வருடமாகப் பாவிக்கும் ஒரு தரவுத்தளம்: ஐ.எம்.ஜி.டி/எச்.எல்.ஏ

ஆய்வுகூட வேலைக்கு வந்த புதிதில், 2013 இல்தான் இந்தத் தரவுத்தளத்தை முதன்முதலாகத் திறந்தேன். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு வாடகை அறை, டொங்கிள் இணையம், பழைய மடிக்கணினி. அன்றிலிருந்து இன்றுவரை நான் கிழமைக்கு ஒருமுறையாவது போகாமல் விட்டதில்லை. சிறுநீரகமோ என்புமச்சையோ மாற்றவேண்டிய ஒருவரின் குடும்பம் அறிக்கையோடு வந்தால், முதலில் நான் போய் நிற்கும் இடம் இதுதான்.

என்ன அது என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். எங்கள் உடம்பு தன்னுடையது எது, பிறருடையது எது என்று பிரித்தறிய உதவும் பரம்பரையலகுகளில் முக்கியமானவை 6ஆம் நிறமூர்த்தத்தில் நெருக்கமாக இருக்கின்றன. அவற்றைத்தான் எச்.எல்.ஏ என்கிறோம். மனிதரிடம் இவ்வளவு வேறுபாடு காட்டும் பரம்பரையலகுகள் வேறில்லை. ஒவ்வொரு வேறுபாட்டுக்கும் ஒரு பெயர், ஒவ்வொரு பெயருக்கும் டி.என்.ஏ எழுத்துகளின் ஒரு வரிசை. அப்படிப் பெயர் பெற்ற ஒவ்வொரு வேறுபாடும் ஒரு அல்லீல். உலகம் முழுக்க இருந்து வருகிற அந்த வரிசைகளைச் சரிபார்த்துச் சேர்த்து வைத்திருக்கும் பேரேடுதான் ஐ.எம்.ஜி.டி/எச்.எல்.ஏ. 1998 டிசம்பரில் முதல் பதிப்பு வந்தபோது அதில் ஆயிரத்துக்கும் குறைவான அல்லீல்களே இருந்தன. இப்போது 40,000ஐத் தாண்டிவிட்டது. லண்டனில் உள்ள அன்ரனி நோலன் ஆய்வு நிறுவனம் இதைப் பராமரிக்கிறது. அரிய நோயொன்றோடு பிறந்த தன் மகனுக்கு என்புமச்சை தேடிய ஒரு தாய் 1974 இல் தொடங்கிய கொடையாளர் பதிவேட்டிலிருந்து வளர்ந்த நிறுவனம் அது. மகன் 1979 இல் இறந்துவிட்டான், பதிவேடு நின்றுவிடவில்லை. அந்தப் பெயரைத் திரையில் பார்க்கும்போதெல்லாம் அந்தத் தாயைத்தான் நினைப்பேன்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது, பெயர்களை அவர்கள் காக்கும் விதம். ஏ*24:02:01:01 என்று ஒரு பெயர் இருந்தால், 'ஏ' பரம்பரையலகின் பெயர்; முதல் எண் சொல்வது குடும்பத்தை; இரண்டாவது எண், எந்தப் புரதம் என்பதை; மூன்றாவது எண், புரதத்தை மாற்றாத எழுத்து வேறுபாட்டை; நான்காவது எண், புரதத்தைக் குறியீடு செய்யாத பகுதியின் வேறுபாட்டை. இந்த முக்காற்புள்ளிகள் 2010 இல்தான் வந்தன. அதற்கு முன்பு இரண்டிரண்டு இலக்கமாக எழுதினார்கள். ஏ*02 குடும்பத்தில் நூறு ஆனதும் இடம் போதவில்லை, மிச்சத்துக்கு ஏ*92 என்று பெயர் வைத்தார்கள். பழைய கட்டுரையொன்றில் ஏ*9201 என்று கண்டு அரை நாள் குழம்பியிருக்கிறேன். தரவுத்தளத்தில் தேடினால் அது இன்றைய ஏ*02:101 என்று ஒரே வரியில் வந்து நிற்கிறது. ஒருமுறை கொடுத்த பெயரை நீக்கினாலும் இன்னொன்றுக்குக் கொடுக்க மாட்டார்கள். பத்து வருடம் முந்திய அறிக்கையை இன்று வாசிக்க முடிகிறதென்றால் அதனால்தான்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஜனவரி, ஏப்ரல், ஜூலை, ஒக்ரோபரில், புதிய பதிப்பு வரும். எவரும் காசு கட்டாமல் முழுவதையும் இறக்கிக்கொள்ளலாம். இதன் அருமை எனக்கு 2022 இல் விளங்கியது. பங்குனிக் கடைசியில் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு. கரண்ட் வரும்போது மடிக்கணினியைச் சார்ஜ் போட்டு, மற்ற நேரம் இறக்கி வைத்த கோப்பை வைத்தே வேலை செய்தேன். இணையத்தோடு மட்டும் ஓடும் ஒன்றாக இருந்திருந்தால் அந்த மாதங்களில் கையைக் கட்டிக்கொண்டுதான் இருந்திருப்பேன்.

புதிய வரிசை கண்டவர் அதை நேரே இங்கே கொண்டுவர முடியாது. முதலில் அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான் ஆகிய மூன்று இடங்களிலும் உள்ள பொது வரிசைக் களஞ்சியங்களில் ஒன்றில் சேர்க்கவேண்டும். அவை மூன்றும் தங்களுக்குள் பகிர்ந்துகொள்பவை. அப்புறம்தான் இங்கே பெயர் கிடைக்கும். 1999 இல் இந்த நிறமூர்த்தப் பகுதியின் சுமார் 36 இலட்சம் எழுத்துகளை முதன்முதலாக முழுதாக வாசித்து வெளியிட்டதும் பல நாடுகள் கூடித்தான். 224 பரம்பரையலகு இடங்கள் அதில் அடையாளம் காணப்பட்டன.

சரி, குறை? பெரிய குறை ஒன்று உண்டு. பல அல்லீல்களுக்கு முழு வரிசை இல்லை. பரம்பரையலகில் புரதத்தை எழுதும் துண்டுகளை எக்சோன் என்போம்; பெப்ரைட்டை, அதாவது சிறு புரதத் துணுக்கை, பிடிக்கும் பகுதியை எழுதும் 2ஆம், 3ஆம் எக்சோன்களை மட்டும் வாசித்து அனுப்பிய காலம் நீண்டது. இன்றைய நீண்ட வாசிப்புக் கருவிகளால் அந்த இடைவெளிகள் மெல்ல நிரம்புகின்றன. அதைவிட எனக்கு மனதில் உறுத்துவது, யாருடைய வரிசைகள் அவை என்பது. 1999 இன் வரிசை பலருடைய துண்டுகளை ஒட்டியது என்பதால், பின்னர் ஒரு பெற்றோரிடமிருந்து சேர்ந்தே வரும் தொகுதிகள் 8ஐ வாசித்தார்கள். அவை ஐரோப்பியரிடம் பரவலானவை. எங்கள் ஆட்கள் லண்டனிலும் ரொறன்ரோவிலும் இரத்தப் புற்றுநோயோடு பொருத்தம் தேடுகிறார்கள்; அவர்களுக்கு நெருக்கமான வரிசை யாழ்ப்பாணத்தில் யாரோ ஒருவரிடம் இருக்கும், அது எங்கும் எழுதப்பட்டிருக்காது.

போன மாதம் கொக்குவிலிலிருந்து ஒரு தம்பியும் அவருடைய அக்காவும் வந்தார்கள். தம்பிக்குச் சிறுநீரகம் வேலை செய்யவில்லை. கொடுக்கச் சம்மதித்தவர் கனடாவில் இருக்கும் மூத்த அண்ணன். இரண்டு அறிக்கைகளையும் மேசையில் விரித்தார்கள். ஒன்றில் ஏ*24:02, மற்றதில் ஏ*24:02:01ஜி. அக்காவின் கை நடுங்கியது.

"மிஸ், ரெண்டும் வேறயோ? அப்ப அண்ணான்ரை பொருந்தாதோ?"

"பயப்பிடாதேங்கோ" என்று சொல்லி மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினேன். ஜி என்றால் ஒரு குழு. 2ஆம், 3ஆம் எக்சோன்களில் ஒரே எழுத்துகள் உள்ளவற்றையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து எழுதுவது. ஒரு ஆய்வுகூடம் அதைச் சுருக்கி எழுதியிருக்கிறது, மற்றது குழுவாகவே எழுதியிருக்கிறது. ஆனால் பட்டியலைக் கீழே இறக்கியபோது ஏ*24:09என் என்பதும் அதே குழுவில் இருப்பதைக் காட்டாமல் விட மனம் வரவில்லை. அந்த 'என்' எழுத்துக்குப் பொருள், அந்தப் புரதம் கலத்தின் மேல் வருவதே இல்லை என்பது. 4ஆம் எக்சோனில் நிறுத்தச் சொல்லும் எழுத்து வந்துவிடுகிறது; 2ஐயும் 3ஐயும் மட்டும் வாசித்தவருக்கு அது தெரியாது. மிக அரிது. ஆனாலும் கேட்டுவிடவேண்டியது. எந்தப் பதிப்பைப் பாவித்தார்கள் என்றுகூட இரண்டு அறிக்கையிலும் இல்லை, அது எனக்குக் கோபத்தைத்தான் தந்தது. குடும்பங்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வாசிக்கும் தாள் அது; ஒரு வரி எழுதினால் என்ன?

தாளொன்றில் இரண்டே கேள்விகளை எழுதிக் கொடுத்தேன்: தரவுத்தளத்தின் எந்தப் பதிப்பு, 24:09என் விலக்கப்பட்டதா. அதைச் சிகிச்சை பார்க்கும் வைத்தியரிடமே கொடுக்கச் சொன்னேன்.

பத்து நாள் கழித்து அக்கா போன் எடுத்தா. இரண்டு இடத்திலிருந்தும் பதில் வந்துவிட்டதாம். இரண்டு பேருக்கும் 24:09என் இல்லை. அண்ணா விசாவுக்குக் கொடுக்கவேண்டிய கடதாசிகளைத் தேடத் தொடங்கிவிட்டாராம்.