மெடோக் சரளையா, பொமெரோல் களிமண்ணா?

பிரான்சின் போர்தோ பகுதிச் சிவப்பு வைனில், மெடோக், பொமெரோல் என்ற இரண்டு வட்டாரங்களில் எதை வாங்குவது என்று குழம்புபவர்கள் முதலில் பாட்டிலுக்குக் கீழே இருக்கும் மண்ணைப் பார்க்க வேண்டும்.

தண்ணீர்
மெடோக்: ஆறு கொண்டுவந்து குவித்த கூழாங்கல்லும் மணலும். மழைநீர் நிற்காது, வேர் ஆழம் தேடிப் போகும்.
பொமெரோல்: இங்குள்ள பெத்ரூஸ் என்ற புகழ்பெற்ற திராட்சைத் தோட்டத்தின் நீலக் களிமண் நீரைப் பிடித்து வைத்துக்கொண்டு, கோடையில் சிறுகச் சிறுகத்தான் விடும்.

சூடு
மெடோக்: கல் சீக்கிரம் காயும். தாமதமாகப் பழுக்கும் கபெர்னே சோவிஞோன் திராட்சைக்கு அது வேண்டும்.
பொமெரோல்: குளிர்ந்த மண். முன்னதாகப் பழுக்கும் மெர்லோ திராட்சைக்குப் போதும்.

கல்லின் சுவை அப்படியே கோப்பைக்கு வருகிறது என்று சிலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. வேர் கல்லின் ருசியை உறிஞ்சுவதில்லை. போர்தோ பல்கலைக்கழகத்தின் ழெரார் செகேன் ஆராய்ந்து காட்டியதும் இதுதான்: மண்ணில் எந்தச் சத்து எவ்வளவு என்பதைவிட, கொடிக்கு நீர் எப்படிக் கிடைக்கிறது என்பதே தரத்தைத் தீர்மானிக்கிறது. பழம் நிறம் மாறும் சமயத்தில் கொடி லேசாகத் தாகப்பட வேண்டும். அப்போதுதான் தளிர் விடுவது நின்று, பழத்தில் சர்க்கரையும் நிறமும் சேரும்.

விலை
மெடோக்: பரந்த பகுதி. சிறந்த தோட்டங்களை வரிசைப்படுத்திய 1855 தரப்பட்டியலில் இல்லாத தோட்டங்களிலும் நியாயமான விலைக்கு நல்ல வைன் உண்டு.
பொமெரோல்: சுமார் 800 ஹெக்டேர்தான். அதிகாரபூர்வத் தரப்பட்டியலே கிடையாது, ஆனாலும் விலை அதிகம்.

சரி, யாருக்கு எது? பல வருடம் வைத்திருந்து திறக்கப் போகிறீர்கள் என்றால் மெடோக். மென்மையாக, சீக்கிரம் குடிக்க வேண்டுமென்றால் பொமெரோல். பணம் இடித்தால் பக்கத்து லாலாந்த்-தெ-பொமெரோல். அப்புறம், ஆண்டையும் பாருங்கள். மழை மிகுந்த ஆண்டில் சரளை கைகொடுக்கும், வறண்ட ஆண்டில் களிமண்.