டெய்லருக்குப் பயிற்சியா, ஊசியா? பயிற்சித் தேவையைக் கண்டறியும் நான்கு வழிகள்

பனியன் துணியில் ஊசி ஓட்டை விழுந்தால் உடனே தெரியாது. தைக்கும்போது ஊசி ஒரு நூல் கண்ணியை அறுத்துவிடும். துணி அப்போதைக்குச் சேர்ந்தேதான் கிடக்கும். அயர்ன் போட்டு இழுக்கும்போதோ, வாங்கியவர் வீட்டில் முதல் சலவையிலோ அந்தக் கண்ணி விட்டுப்போய், தையல் ஓரமாகச் சிறு துளைகள் வரிசையாகத் தலைகாட்டும். திருப்பூரில் நான் பயிற்சிப் பொறுப்பில் இருந்த ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில், பையரின் (சரக்கை வாங்கும் நிறுவனத்தின்) இறுதிச் சோதனையில் இந்தத் துளைகளால் ஒரு சரக்கு அப்படியே நின்றது. அன்று மாலைக் கூட்டத்தின் முடிவு ஒற்றை வரி: "டெய்லர்களுக்குத் தரப் பயிற்சி கொடுங்கள்."

கொடுத்தோம். இரண்டு மணி நேரம், புரொஜெக்டர், டீ, பிஸ்கட், வருகைப் பதிவேட்டில் கையெழுத்து. அடுத்த சரக்கிலும் துளை இருந்தது.

யாருக்கு, எதில் பயிற்சி வேண்டும் என்று நிறுவனங்கள் முடிவுசெய்யும் விதங்களை அதன் பிறகுதான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நம் ஊரில் நடைமுறையில் இருப்பவை நான்கு: ஊழியர்களிடம் படிவம் கொடுத்துக் கேட்பது, சூப்பர்வைசர்களிடம் பெயர்ப் பட்டியல் வாங்குவது, திறன் அட்டவணை போடுவது, நட்டத்தில் தொடங்கிப் பின்னோக்கிப் போவது. நான்கையும் அந்த ஊசி ஓட்டையின் மீதே உரசிப் பார்க்கலாம்.

படிவம்

ஆண்டுத் தொடக்கத்தில் மனிதவளத் துறை ஒரு தாளை அச்சடித்துத் தரும். "உங்களுக்கு எந்தப் பயிற்சி தேவை?" செலவு இல்லை, ஒரு வாரத்தில் முடிந்துவிடும், எல்லோரையும் கேட்டோம் என்று மார்தட்டிக்கொள்ளலாம். எங்களுக்கு வந்த பதில்கள்: கம்ப்யூட்டர், ஆங்கிலம் பேசுவது, மன அழுத்தம் குறைக்க ஏதாவது. நாற்பது படிவங்கள் ஒரே கையெழுத்தில் இருந்தன. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்களுக்குத் தமிழ்ப் படிவம் படிக்க வராது; டைம் ஆபீஸ் பையன் எல்லாருக்கும் சேர்த்து எழுதிக் கொடுத்துவிட்டான். பீகார்க்காரர்கள் அத்தனை பேருக்கும் ஆங்கிலம் பேச ஆசை வந்தது அப்படித்தான்.

எழுதியவர்கள் மேல் குற்றமில்லை. பந்தியில் உட்கார்ந்தவரிடம் என்ன வேண்டும் என்று கேட்டால் நாக்குக்குப் பிடித்ததைச் சொல்வார். அவருக்குச் சர்க்கரை எவ்வளவு என்பது அந்தப் பதிலில் வராது. படிவம் விருப்பத்தைக் கேட்கிறது, விருப்பத்தைத்தான் தருகிறது. ஊசி என்ற சொல் ஒரு தாளிலும் இல்லை.

ஆனால் கேள்வியை மாற்றினால் இதே தாள் வேறு மாதிரி பேசும். மறு வருடம், "போன வாரம் எந்த வேலையில் அதிக நேரம் காத்திருந்தீர்கள்?" என்று தமிழிலும் இந்தியிலும் அச்சடித்தேன். பயிற்சி என்ற சொல்லே தாளில் கிடையாது. நூல் வரவில்லை, கட்டிங் தாமதம், மெஷினைச் சரிசெய்யும் ஃபிட்டர் வரவில்லை, ஊசி மாற்ற நேரமாகிறது என்று வந்து குவிந்தன. பாதிக்கு மேல் எனக்குச் சம்பந்தமே இல்லாத விஷயங்கள். அதுவே பெரிய செய்தியாக இருந்தது.

சூப்பர்வைசர் பட்டியல்

இதைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. "உங்கள் லைனிலிருந்து ஐந்து பேர் அனுப்புங்கள்" என்றால் அன்றைக்கு யார் இல்லாமல் லைன் ஓடுமோ அந்த ஐவர் வருவார்கள். கைமடி என்னும் உதவியாள், அடுக்கிக் கட்டுபவர், புதிதாகச் சேர்ந்த ஹெல்பர். ஒரே பெண் மூன்று வெவ்வேறு பயிற்சிகளுக்கு வந்ததைப் பார்த்திருக்கிறேன். அவருக்கு அது அரை நாள் ஓய்வு. சில சமயம் பட்டியல் தண்டனையாகவும் வரும்: எதிர்த்துப் பேசுகிறவருக்கு "மனப்பாங்குப் பயிற்சி". ஜவுளி அமைச்சகத்தின் சமர்த் போன்ற திட்டங்களுக்கு ஆள் சேர்க்கும்போதும் இதே கதைதான். புதியவரைத் தையலுக்குப் பழக்க அத்தகைய திட்டங்கள் உதவும். திட்டம் இருக்கிறதே என்பதற்காகத் தேவையைக் கண்டுபிடிப்பதுதான் தலைகீழ்.

ஊசி ஓட்டைக்குப் பட்டியல் கேட்டபோது மூத்த டெய்லர் ஒருவர் பெயர்கூட வரவில்லை. துளை விழுந்ததோ அவர்கள் தைத்த பீஸ்களில்.

திறன் அட்டவணை

இடப்பக்கம் ஆட்கள், மேல்வரிசையில் வேலைகள்: தோள் சேர்ப்பு, கழுத்து ரிப், கை சேர்ப்பு, அடி மடிப்பு, பட்டன் பட்டி. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு வட்டம். கால் நிரப்பினால் பழகுகிறார், முழுதாக நிரப்பினால் பிறருக்குச் சொல்லித்தரவும் தெரியும். ஐஎஸ்ஓ 9001 தரநிலையின் 2015 பதிப்பில் 7.2-ஆம் பிரிவு, வேலைக்கு வேண்டிய தகுதி எது என்று வரையறுத்து, குறை இருந்தால் நடவடிக்கை எடுத்து, அந்த நடவடிக்கை பலன் தந்ததா என்றும் மதிப்பிடச் சொல்கிறது. நடவடிக்கை என்பது பயிற்சியாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. ஆளை வேலை மாற்றலாம், தெரிந்தவரை வெளியிலிருந்து எடுக்கலாம் என்று அந்தப் பிரிவின் குறிப்பே சொல்கிறது. பல கம்பெனிகளில் அந்தக் குறிப்பு வரை யாரும் படிப்பதில்லை. அட்டவணை லேமினேட் ஆகிச் சுவரில் ஏறிவிடும், தணிக்கைக்கு முந்தைய வாரம் தூசு தட்டப்படும்.

இருந்தாலும் நான் இதைக் கேலி செய்ய மாட்டேன். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊருக்குப் போனவர்கள் சொன்ன தேதிக்குத் திரும்பாத திருப்பூர் வாரங்களில் இந்தத் தாள்தான் காப்பாற்றும். காலர் பனியனுக்கு முன்பட்டி வைக்கத் தெரிந்தவர்கள் எங்கள் லைனில் இரண்டே பேர். ஒருவர் தங்கை கல்யாணத்துக்கு ஒடிசா போனார், இன்னொருவருக்குக் காய்ச்சல். முப்பது மெஷின்கள் கைகட்டி நின்றன. அட்டவணையில் அந்தப் பத்தியைப் பார்த்திருந்தால் ஒரு மாதம் முன்பே தெரிந்திருக்கும்: இரண்டு முழு வட்டம், மீதியெல்லாம் வெறும் கட்டம். இதற்கு விடை சந்தேகமில்லாமல் பயிற்சிதான். நான்கு பேரைப் பட்டி மெஷினில் உட்காரவைத்துப் பழக்கினோம், தீர்ந்தது.

ஊசி ஓட்டையில் அட்டவணை சொன்னது: சம்பந்தப்பட்ட ஓவர்லாக் (துணிகளைச் சேர்த்துத் தைப்பது), பேட்லாக் (மடிப்புத் தைப்பது) மெஷின் டெய்லர்கள் எல்லோருக்கும் முழு வட்டம். இதைப் பார்த்துவிட்டு "அட்டவணை பொய்" என்றார் மேனேஜர். நானும் தலையாட்டினேன். உண்மையில் அட்டவணை அன்று சரியாகவே பேசியது. இவர்களுக்கு வேலை தெரியும். தெரிந்தும் துளை விழுகிறதென்றால் கோளாறு வேறு எங்கோ இருக்கிறது. எங்களுக்குத்தான் காது கேட்கவில்லை.

நட்டத்தில் தொடங்குவது

பயிற்சியின் பலனை நான்கு படிகளில் அளக்கலாம் என்று அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் கிர்க்பேட்ரிக் 1959-ல் எழுதத் தொடங்கினார்: பிடித்ததா, கற்றார்களா, வேலையில் மாறியதா, நிறுவனத்துக்குப் பலன் வந்ததா. நான்காவதிலிருந்து கீழே இறங்கிவந்து திட்டமிட்டால் அது தேவை கண்டறியும் வழியாகிவிடுகிறது. எந்த எண் வலிக்கிறது? அதை யாருடைய எந்தச் செயல் உண்டாக்குகிறது? அந்தச் செயல் ஏன் சரியாக நடப்பதில்லை? மூன்றாவது கேள்விக்கு, பயிற்சித் துறை எழுத்தாளர்களான ராபர்ட் மேகரும் பீட்டர் பைப்பும் 1970-ல் ஓர் உரைகல் கொடுத்தார்கள். நம் பேச்சில் சொன்னால்: தலைபோகிற நிலை என்றால் இந்த ஆள் இதைச் செய்துவிடுவாரா? செய்துவிடுவார் என்றால் அவருக்குக் குறைவது அறிவு அல்ல, பயிற்சி வீண்.

சொல்வது எளிது. எங்கள் செக்கிங் மேசையில் பதிவேடு இருந்தது. அதில் நாளைக்கு எத்தனை பீஸ் ஆல்டர் (திருத்தத்துக்குத் திரும்பியவை) என்ற மொத்தம் மட்டுமே. இரண்டு வாரத்துக்கு மெஷின் நம்பரும் மணியும் சேர்த்து எழுதச் சொன்னேன். செக்கிங் பெண்கள் முறைத்தார்கள்; அவர்களுக்கும் எண்ணிக்கைக் கெடு உண்டு. ஒரு பாக்கெட் கடலைமிட்டாயும் நிறையக் கெஞ்சலும் செலவாயின.

முதல் வாரத் தாளைப் பார்த்ததும் தப்பான இடத்துக்கே போனேன். ஒரு மெஷின் நம்பர் மற்றவற்றைவிட அதிகம் வந்திருந்தது. சூப்பர்வைசர் உடனே "அந்த அம்மாதான், நான் அப்போதே சொன்னேன்" என்றார். எண் மட்டும் கையில் இருந்தால் ஆள்மேல் பழிபோட அது நல்ல ஆயுதம். இரண்டாம் வாரமும் சேர்ந்த பிறகுதான் துளைகள் ஆள் பார்த்து விழவில்லை, நேரம் பார்த்து விழுகின்றன என்று புரிந்தது. காலையில் குறைவு, சாப்பாட்டுக்கு முன் கூடுதல், மாலை டீக்குப் பிறகு இன்னும் கூடுதல். துணி மாறிய நாட்களில் காலையிலிருந்தே.

பிறகு ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு அந்த "அம்மா"வின் ஓவர்லாக் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்தேன். முதல் ஒரு மணி நேரம் நான் இருப்பதால் எல்லாம் ஒழுங்காக நடந்தது. இது எப்போதும் நடப்பது, பொறுக்க வேண்டும். அப்புறம் மறந்துவிட்டார். நான்கு மணிவாக்கில் மெஷினை நிறுத்தி, ஊசி முனையைக் கட்டைவிரல் நகத்தால் மேலிருந்து கீழே தடவினார். மறுபடி ஓட்டத் தொடங்கினார்.

"என்னம்மா பார்த்தீர்கள்?"

"மழுங்கிவிட்டது சார். சத்தத்திலேயே தெரிகிறதே, டப் டப் என்று குத்துகிறது பாருங்கள்."

"மாற்றவில்லையா?"

"மாற்றப் போனால் யார் சார் என் பீஸைத் தைப்பார்கள்?"

எனக்குத் தெரியாத நுட்பத்தை நகத்தின் நுனியில் வைத்திருந்தவருக்குத்தான் நான் புரொஜெக்டர் போட்டுத் தரப் பயிற்சி கொடுத்திருந்தேன்.

ஊசி விஷயத்தில் ஏற்றுமதிக் கம்பெனிகளில் கெடுபிடி அதிகம், அதற்குக் காரணமும் உண்டு. ஒடிந்த ஊசித் துண்டு குழந்தைச் சட்டையில் தங்கிவிட்டால் விபரீதம். ஆகவே பழைய ஊசியைக் கொடுத்தால்தான் புதியது; ஒடிந்தால் துண்டுகளையெல்லாம் பொறுக்கிப் பதிவேட்டில் ஒட்டிக் காட்ட வேண்டும். விதி சரி. ஆனால் எங்கள் ஊசி அலமாரி தளத்தின் மறுகோடியில் இருந்தது. சாவி ஒருவரிடம், கையெழுத்து இன்னொருவரிடம். போய்வர இருபது நிமிடம் ஆகும். பீஸ் ரேட்டில் தைப்பவருக்கு, பீஸுக்கு ஒரு நிமிடம் என்றே வைத்தாலும், ஊசி மாற்றினால் இருபது பீஸ் கூலி போயிற்று. மாற்றாவிட்டால் போவது கம்பெனியின் காசு. எந்தக் கணக்குப் பிள்ளையும் அவர் எடுத்த முடிவைத்தான் எடுப்பார்.

அமெரிக்க உளவியலாளர் தாமஸ் கில்பர்ட் 1978-ல் வேலைக் குறைகளுக்கு ஆறு அறைகள் போட்டார். மூன்று சுற்றுப்புறத்தில்: தகவல், கருவி, ஊக்கம். மூன்று ஆளிடம்: அறிவு, இயல்திறன், நோக்கம். முதலில் சுற்றுப்புறத்தைப் பார், அங்கே சரிசெய்வதுதான் மலிவு என்பது அவர் வாதம். எங்கள் துளை கருவி அறைக்கும் ஊக்க அறைக்கும் நடுச்சுவரில் இருந்தது. ஒரு தள்ளுவண்டியில் ஊசிகளும் பதிவேடும் வைத்து, பதினொரு மணிக்கும் நான்கு மணிக்கும் லைன் லைனாக அனுப்பினோம். டெய்லர் எழுந்திருக்க வேண்டியதில்லை.

பயிற்சியே வேண்டாம் என்றும் ஆகவில்லை. துணி மாறிய நாட்களில் காலையிலிருந்தே துளை விழுந்தது ஏன்? தடித்த ஃபிளீஸ் துணிக்குப் போட்ட 14-ஆம் நம்பர் ஊசி, மெல்லிய சிங்கிள் ஜெர்சி வந்த பிறகும் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. அதைவிட மெல்லிய 9 அல்லது 11 போட வேண்டிய இடம் அது. பின்னல் துணிக்கு முனை உருண்ட ஊசி வேண்டும், அது நூலைக் குத்தாமல் விலக்கிக்கொண்டு இறங்கும் என்பதே இரண்டு இளம் ஃபிட்டர்களுக்குத் தெரியவில்லை. தலைபோகிற நிலையிலும் அவர்களால் சரியான ஊசியைத் தேர்ந்தெடுத்திருக்க முடியாது. அவர்களுக்கும் லைன் பொறுப்பாளர்களுக்கும் அரை மணி நேரம், மெஷின் பக்கத்திலேயே, துணியைக் கையில் கொடுத்துச் சொல்லிக்கொடுத்தோம். எண்பது டெய்லர்களுக்கு இரண்டு மணி நேரம் என்று தொடங்கியது, எட்டுப் பேருக்கு அரை மணி நேரத்தில் முடிந்தது.

எதை எப்போது

நாற்பது மெஷின் வைத்திருக்கும் சிறு கம்பெனி என்றால் என் பேச்சு தெளிவு: படிவமும் பட்டியலும் வேண்டாம். பதிவேட்டில் மெஷின் நம்பர், மணி என்று இரண்டு பத்தி கூட்டி, பத்து நாள் கழித்து ஒரு ஸ்டூலைப் போடுங்கள். திறன் அட்டவணையை ஒரு நோட்டில் போட்டாலும் போதும், ஆனால் போடுங்கள். நட்டத்தைப் பின்தொடரும் வழிக்கு ஒரு குருட்டுப் புள்ளி உண்டு: இனி வரப்போகும் மெஷினுக்கும், இன்னும் லீவு எடுக்காத ஆளுக்கும் நட்டக் கணக்கு இருக்காது. அதை அட்டவணைதான் பார்க்கும்.

ஆயிரம் பேர் இருக்கும் இடத்தில் எல்லா மெஷின் பக்கத்திலும் உட்கார முடியாது. அங்கே காத்திருப்பைக் கேட்கும் படிவம் வலையாக உதவும். எங்கே ஸ்டூல் போடுவது என்று அது காட்டும். அலுவலகப் பிரிவில் கொஞ்சம் சிரமம், செக்கிங் மேசை அங்கே கிடையாது. பையரோடு பேசி ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சன்டைசர்கள் அனுப்பும் சாம்பிள் திரும்பத் திரும்ப நிராகரிக்கப்படுகிறதென்றால், நிராகரிப்பு மெயில்கள்தான் பதிவேடு. ஒருமுறை அவற்றை அடுக்கிப் பார்த்தபோது பாதி, பையர் திருத்தி அனுப்பிய அளவு அட்டை, வெட்டு மாதிரி போடும் பேட்டர்ன் மாஸ்டரிடம் போய்ச் சேராததால் வந்தவை. அந்த மெர்ச்சன்டைசர் பிள்ளைகளுக்குத் தகவல்தொடர்புத் திறன் வகுப்புக்கு ஹோட்டலில் அறைகூடப் பேசியிருந்தார்கள்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். முதலாளிக்குப் பிடித்த வழி நான்காவது அல்ல. பயிற்சி என்றால் குறை தொழிலாளியிடம். ஊசி வண்டி என்றால் குறை நம்மிடம். வண்டிக்கு அனுமதி வாங்க எனக்கு ஆன நாட்கள், துளையின் காரணம் கண்டுபிடிக்க ஆனதைவிட அதிகம்.

அந்த ஆண்டு தணிக்கைக்கு வந்தவர், பயிற்சி மணி நேரம் முந்தைய ஆண்டைவிடக் குறைந்திருப்பதைப் பென்சிலால் வட்டமிட்டார். ஊசி வண்டியைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினேன். நன்றாக இருக்கிறது என்றார். பிறகு தன் தாளை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று என்னையே கேட்டார்.