திருமலை உப்புக்காற்றில் மர வளையச் சோடி

இணையக் கடைகளில் கிடைக்கும் பேர்ச் மர ஜிம்னாஸ்டிக் வளையச் சோடியில் மரம் நல்லது, பட்டி பரவாயில்லை, பட்டியை இறுக்கிப் பிடிக்கும் பக்கிள் திருகோணமலைக்கு ஆகாது. கொழும்பிலோ கண்டியிலோ வீட்டுக்குள் மாட்டுகிறவருக்கு இந்தக் குறை தெரியாமலே போகும். டச்சு பேயிலும் உப்புவெளியிலும் கடலைப் பார்த்தபடி தொங்கவிடுகிறவர்களுக்கு முதலில் தெரிவதே அதுதான்.

பெட்டிக்குள் வருவது இரண்டு வளையம், இரண்டு பட்டி. பட்டி பெரும்பாலும் 38 மில்லிமீற்றர் அகலம், நாலரை மீற்றர் நீளம். அதன் ஒரு நுனியில் பல்லுள்ள நாக்கு வைத்த பக்கிள். சுமை ஏற ஏற அந்த நாக்கு பட்டியைக் கவ்வும். ஆனால் முதல் கடியைக் கொடுப்பது உள்ளே இருக்கும் சின்ன ஸ்பிரிங். பக்கிளின் உடம்பு இரும்பு, மேலே மெல்லிய நாக (சிங்க்) பூச்சு. உப்பு முதலில் தின்பது இந்த ஸ்பிரிங்கைத்தான். அது துருப்பிடித்து இறுகினால் நாக்கு முழுதாகத் திரும்பாது, பல்லின் ஓரம் மட்டும் பட்டியைத் தொடும். அதற்குப் பிறகு பட்டி ஒரேயடியாக அவிழ்ந்து விழாது, ஒவ்வொரு செட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாக வழுகும். இடது வளையம் வலதைவிட ஒரு விரல் இறங்கி நிற்பதைப் பார்த்து, தோள்தான் கோணல் என்று நினைத்து மாதக்கணக்காகத் தோளைத் திருத்துகிறவர்கள் உண்டு. முதலில் பார்க்கவேண்டியது பக்கிளை.

இதற்குத் தேங்காயெண்ணெயும் வேண்டாம், தையல் மெஷின் எண்ணெயும் வேண்டாம். எண்ணெயில் மணல் ஒட்டும், எண்ணெய் பட்ட பட்டி இன்னும் வழுகும். நல்ல தண்ணீருக்குள் பக்கிளை அமிழ்த்தி, நாக்கைப் பத்துத் தரம் அமுக்கி விட்டு, நிழலில் காயவைத்தால் போதும். கடற்கரையோரம் உவர்க் கிணறு உள்ள வீடுகளில் கிணற்றுத் தண்ணீரை எடுக்கவேண்டாம், அது உப்பை உப்பால் கழுவுகிற வேலை. வாடைக்காற்று மாதங்களில் ஒவ்வொரு தடவையும் கழுவவேண்டும். கச்சான் காலத்தில் காற்று தரைப் பக்கமிருந்து வருவதால் வாரம் ஒருமுறை காணும். பட்டியின் மிச்ச நுனியில், பக்கிளுக்கு ஐந்து சென்ரிமீற்றர் தள்ளி ஒரு தடித்த முடிச்சுப் போட்டுவைத்தால், வழுகினாலும் முடிச்சு பக்கிளில் வந்து தடுக்கும்.

இதைவிட நல்ல வழி பக்கிளையே விட்டுவிடுவது. கண்ணி கண்ணியாகத் தைத்த பட்டிகள் தனியாக விற்கின்றன. ஒரு ஷக்கிளை (திருகாணியால் மூடும் U வடிவக் கொளுவி) வேண்டிய கண்ணியில் மாட்டினால் உயரம் முடிந்தது. வழுகுவதற்கு அங்கே ஒன்றுமில்லை, இரண்டு பக்கமும் எண்ணி மாட்டுவதால் மட்டமும் தானாக வரும். உயரத்தை நூலளவில் மாற்ற முடியாது என்பது ஒரு குறை, ஆனால் யாருக்கும் அது பெரிய இழப்பில்லை. ஷக்கிளுக்குப் படகுச் சாமான் விற்கும் கடையில் 316 ரகத் துருவா இரும்பு கேளுங்கள். 316இல் மொலிப்டினம் கலந்திருப்பதால் உப்பைத் தாங்கும், 304 ரகம் கடலோரத்தில் தேயிலைச் சாயம் போலக் கறை கட்டும். காந்தம் வைத்துப் பார்த்தால் பூச்சுப் பூசிய இரும்பு இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும், ஆனால் 304ஐயும் 316ஐயும் காந்தத்தால் பிரித்தறிய முடியாது.

வளையத்துக்கு வருவோம். போட்டிக்கான அளவு உள்விட்டம் 18 சென்ரிமீற்றர், தடிப்பு 28 மில்லிமீற்றர். கடைகளில் 28, 32 இரண்டும் இருக்கும். மணிக்கட்டை வளையத்தின் மேல் ஏற்றிப் பிடிக்கும் பிடியும், தொங்கிய நிலையிலிருந்து வளையத்துக்கு மேலே ஏறும் மசில்-அப்பும் உங்கள் குறி என்றால் 28. டிப்ஸ், புஷ்-அப் போல மேலிருந்து அமுக்கும் பயிற்சிதான் அதிகம் என்றால் 32 உள்ளங்கைக்கு இதமாக இருக்கும். சின்னக் கைக்காரர் யோசிக்காமல் 28 எடுக்கலாம். பிளாஸ்ரிக் வளையம் மலிவு, மழைக்கும் அஞ்சாது. ஆனால் நம்முடைய புழுக்கத்தில் மூன்றாவது நிமிடமே சோப்புப் போல வழுக்கும். மரம் வியர்வையைக் கொஞ்சம் உறிஞ்சும், சோக்கையும் பிடித்து வைக்கும். சோக் என்பது மக்னீசியம் காபனேற்று. முகப் பவுடர் அதன் வேலையைச் செய்யாது, அது வழுக்கத்தான் வைக்கும்.

வந்த வளையம் பளபளவென்று வார்னிஷ் மினுக்கத்தோடு இருந்தால் 180ஆம் இலக்க சாண்ட் பேப்பரால் மினுக்கம் போகத் தேய்த்து, 220ஆல் முடியுங்கள். ஒட்டுப்பலகை அடுக்குகளின் விளிம்பு தெரியும் இடத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் சிக்கினால் பிசின் விட்டிருக்கிறது, திருப்பி அனுப்புங்கள். மழை மாதங்களில் பூஞ்சணம் கறுப்புப் புள்ளியாகப் பிடிக்கும், தண்ணீர் கலந்த வினாகிரியால் துடைத்து நிழலில் காயவைத்தால் போகும். பொலித்தீன் பைக்குள் கட்டிவைப்பதுதான் பூஞ்சணத்தை வரவழைக்கிற வேலை, துணிப்பையில் வையுங்கள். வெளியிலே தொங்கவிட்டபடி போகவும் வேண்டாம். நம்முடைய ஊர் மான்கள் பொலித்தீனையே தின்கிறவை, வியர்வை உப்பு ஊறிய பட்டியைச் சும்மா விடுமா?

இந்த விளையாட்டு பிறந்தது ஒரு மைதானத்தில். ஜேர்மன் உடற்பயிற்சி ஆசான் பிரெடெரிக் லுட்விக் யான் 1811இல் பேர்லின் ஹாசன்ஹைடவில் திறந்த வெளியில்தான் கம்பிகளை நட்டார். இளைஞர் கூடுகிற இடம் அரசியல் பேசுகிற இடமாகிவிட்டது என்று பிரஷ்ய அரசு 1820இல் அதைத் தடைசெய்து, 1842இல்தான் விட்டது. வளையம் 1896 ஏதென்ஸ் ஒலிம்பிக்கிலேயே இருந்தது. நம்முடைய பக்கத்துக் கர்லாக்கட்டையும் பிரித்தானியர் வழியாக மேற்கே போய், 1904இலும் 1932இலும் ஒலிம்பிக் போட்டியாக நின்றது. தண்டால், பஸ்கி போட்ட ஊருக்கு உடம்பின் எடையாலேயே செய்யும் பயிற்சிக்கு வைத்த கலிஸ்தெனிக்ஸ் என்ற கிரேக்கப் பெயர்தான் புதிது. அந்தக் காலத்துப் பயிற்சிக் கழகங்கள் வெளியில் பயின்றாலும் அவர்களுடைய கம்பிக்குப் பக்கத்தில் கடல் இல்லை, பக்கிளும் இல்லை.

எங்கே கட்டுவது என்பதில்தான் அதிகம் பிழை விடுகிறார்கள். வேம்பு, புளி, பாலை மூன்றும் நம்பலாம். கொப்பு கட்டும் இடத்தில் குறைந்தது பதினைந்து சென்ரிமீற்றர் தடிப்பு, பச்சை இலையோடு, நிலத்திலிருந்து மூன்று மீற்றருக்கு மேல். சவுக்குக் கொப்பு சொல்லாமல் முறியும். முருங்கையைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. பட்டிக்கும் பட்டைக்கும் இடையில் சாக்குத் துண்டோ பழைய சைக்கிள் ரியூப்போ வைத்தால் இரண்டுமே தேயாது. இரண்டு பட்டிக்கும் இடையில் 50 சென்ரிமீற்றர் விடுங்கள். வீட்டுக்குள் என்றால் கூரையின் தடித்த வளையில் (உத்திரத்தில்) கட்டலாம், ஓடு தாங்கும் மெல்லிய ரீப்பையில் கூடாது. பெட்டியில் அச்சடித்த பெரிய சுமை எண் புதிய, காய்ந்த, அசையாத பட்டிக்கு. 70 கிலோ ஆள் விசுக்கென்று இறங்கும்போது பட்டிக்குப் போவது 70 கிலோ அல்ல. நைலோன் நனைந்தால் பலமும் குறையும், நீளவும் செய்யும். வெயிலில் நிற்கிற பட்டிக்குப் பொலியெஸ்டர் மேல். நிறம் வெளிறி, மடித்தால் மொறமொறவென்று தூசி கொட்டுகிற பட்டியை வெட்டி எறியுங்கள். எறியாமல் வைத்தால் யாராவது எடுத்துக் கட்டுவார்கள்.

வளையத்துக்குப் பதிலாகக் கம்பி நடலாமா என்று கேட்பவர்களுக்கு: ஒரு அங்குல ஜீஐ (நாகம் பூசிய இரும்பு) குழாயின் வெளிவிட்டம் ஏறக்குறைய 34 மில்லிமீற்றர், கைக்குச் சரி. முக்கால் அங்குலம் 27தான், பிடிக்க நல்லது, ஆனால் ஒரு மீற்றருக்கு மேல் இடைவெளி விட்டால் வளையும். கால்களுக்கு இரண்டு அங்குலம். மணல் நிலத்தில் இரண்டடிக் குழி ஆடும், மூன்றடி தோண்டி கொங்கிறீற் போடுங்கள். வெல்டிங் செய்த இடத்தில் நாகப் பூச்சு எரிந்துவிடும், துரு அங்கிருந்துதான் தொடங்கும். நாகம் கலந்த பெயின்ற் அந்த மூட்டுகளுக்கு மட்டும் இரண்டு தரம் அடித்தால் போதும், முழுக் குழாய்க்கும் அடித்தால் பிடி வழுக்கும். கதவு நிலைக்குள் திருகி இறுக்குகிற கம்பியைச் சீமெந்துக் கல் சுவர்களில் பொருத்தினால் பூச்சு உதிரும், கம்பியும் வரும்.

புல்-அப் பத்து எடுக்கிறவர்கூட வளையத்தில் முதல் நாளே டிப்ஸ் போகவேண்டாம். வளையம் விலா உயரத்தில் இருக்கட்டும், கையை நீட்டி வளையத்தில் ஊன்றி, கால் நிலத்தில் படாமல் பத்து விநாடி, ஐந்து தடவை. வளையம் உடம்பை விட்டு விலகி ஓடாமல், கடைசியில் உள்ளங்கை சற்று முன்னோக்கித் திரும்பவேண்டும். முழங்கை மடிந்தால் அன்றைக்கு அவ்வளவுதான். சாய்ந்து இழுக்கும் ரோவை அதே உயரத்தில் செய்யலாம்.

பொதி வந்தவுடன், அனுப்பியவர் திருப்பி எடுக்கும் நாள் முடியுமுன் செய்யவேண்டியது: இரண்டு பக்கிளையும் இருபது தரம் அமுக்கி விடுங்கள். நாக்கு ஒவ்வொரு தரமும் டக்கென்று திரும்பவேண்டும். பிறகு பட்டியில் பேனையால் பக்கிள் ஓரத்தில் ஒரு கோடு போட்டு, முழு எடையோடு ஒரு நிமிடம் தொங்குங்கள். கோடு நகர்ந்திருந்தால் அந்தப் பக்கிள் புதிதிலேயே பழையது.